எரியாத கண்மருந்து

சாமந்தித் தேநீருக்குக் கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றக் கூடாது. பொங்கி அடங்கியபின் சற்றுப் பொறுத்து ஊற்றினால் பூ கசக்காது. மற்றதை இனிச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி.

எங்கள் ஊர் தோங்சியாங்கில் சாமந்திப் பூப்பறித்து, ஆவியில் வேகவைத்து உலர்த்துவதுதான் எங்கள் பிழைப்பு. கண் சிவந்தால் பூத்தண்ணீரைக் குடிப்போம்; ஆறவைத்துக் கண்ணையும் கழுவுவோம். என் கணவர் பெய்ஷெங்குக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்தபோது ஊரே அதைத்தான் சொன்னது. மருத்துவர் மட்டும் சொட்டு மருந்து கொடுத்து, ஒருநாளும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பார்வை போய்விடும், போனது திரும்பாது என்றார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஹாங்சோ நகரத்திலிருந்து எங்கள் மகள் ருய்லான் தொலைபேசியில் பேசினாள். அவள் உண்டாகியிருந்தாள்.

"அப்பா எங்களோடவே வந்து இருக்கட்டும்மா. குழந்தைய அவர் பாத்துப்பார்."

"அப்ப நான்?"

"நீ வந்தா வீட்ல எல்லாரும் மூச்சப் புடிச்சிட்டுல்ல உக்காந்திருக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரோ அன்றே பரண்மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்தார். நான் என்ன செய்வேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண் தெரியாதவரிடம் கைக்குழந்தையை யாரும் விட மாட்டார்கள். அவ்வளவுதான் நான் யோசித்தது. மருந்தைக் கொட்டிவிட்டு, ஆறிய பூத்தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் புட்டியில் நிரப்பினேன். வெள்ளைப் புட்டி, உள்ளிருப்பது தெரியாது. விஷம் எதையும் நான் கலக்கவில்லை.

மருந்து எரியும், இது எரியாது. அது ஒன்றுக்குத்தான் பயந்தேன்.

"என்ன புள்ள, இப்பல்லாம் மருந்து விட்டா எரியவே இல்லியே?"

"நான் போட்டுத் தர்ற டீ வேலை செய்யுது. உள்சூடு எறங்கிடுச்சு."

"அப்ப டாக்டரவிட நீதான் கெட்டிக்காரி. இன்னொரு கோப்பை ஊத்து."

எங்கள் ஊரில் யாராயிருந்தாலும் நம்பியிருப்பார்கள். அவர் தெருவெல்லாம் என் தேநீரின் பெருமை பேசினார். மறுபரிசோதனைக்கே போகவில்லை.

பார்வை முதலில் ஓரங்களில் போயிற்று. வேகவைக்கும் தட்டுகளில் இடித்துக்கொண்டார். பூவென்று நினைத்து இலையைப் பறித்தார். பிறகு ஒருநாள் அவரே பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றிவிடச் சொன்னார்.

ருய்லான் குழந்தையோடு வந்தாள். அவர் அதன் முகத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"மூக்கு யாரு மாதிரி?"

"உங்கள மாதிரிதாங்க."

அவர் அழுதார். நானும் அழுதேன், உண்மையாகவே அழுதேன். இரவும் பகலும் இனி அவர் என்னோடுதான் என்று நினைத்தபோதும் அந்த அழுகை நிற்கவில்லை.

மேசைமேலிருந்த புட்டியை ருய்லான் திறந்து முகர்ந்தாள். இந்த ஊரில் வளர்ந்தவள், அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. அவரிடம் சொன்னாள். அவர் கத்தவில்லை. என் குரல் வந்த பக்கம் திரும்பி, "பூ வாசம் வருதேன்னு நானும் நெனச்சேன், புள்ள. நீ ஆசையா செய்றேன்னு விட்டுட்டேன்" என்றார்.

ஆமாம், நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். அவரை மகள் ஹாங்சோவுக்குக் கூட்டிப் போகிறாளாம். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: காலையில் தேநீரை நிறுத்திவிட வேண்டாம். அவர் கண்ணுக்கு அது நல்லது.