எங்கப்பா சம்மதிச்சுட்டாரு

சோம்பேறித்தனத்துல இத எழுதாமயே உட்டிருப்பேன். நாமக்கல் பஸ்ல முன்சீட்டுல ஒரு அக்காவும் தம்பியும். ஞாபகமறதி முத்திப்போன அவங்கப்பாவ ஏதோ ஹோம்ல சேத்திருக்காங்களாம்.

"ரூம வெளியில பூட்டறாங்களேடா?"

"அப்பா சம்மதிச்சுத்தாங்க்கா. ஃபாரத்துல கைநாட்டு வெச்சிருக்காரு."

"எதக் கேட்டாலும் 'சரிங்க சாமி'ங்கற மனுசன்டா அவரு. 'கெணத்துல தள்ளி உட்ரட்டுமாங்கப்பா'ன்னு கேட்டுப் பாத்தேன். அதுக்கும் 'சரிங்க சாமி'ன்னாரு!"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன்.

"பூட்டலாம்னு டாக்டரு யாராச்சும் பாத்துச் சொன்னாங்களா?"

"பாத்திருப்பாங்க."

"ஊட்டுக்குப் போலாமான்னு அப்பாவக் கேட்டியா?"

"அதுக்கும் 'சரிங்க சாமி'ன்னுதான சொல்லுவாரு?"

"நீ கேட்டியாடா?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

எறங்குனதும் இத அப்படியே ஃப்ரெண்டுக்கு அனுப்புனேன். அவன் ஒத்த வரிதான் போட்டான்: "கேட்டிருக்க மாட்டான்டா."