காதால் வாசிக்கும் வகுப்புக்குப் பதினான்கு கையொப்பங்கள்

எழுத்தைக் கண்டு அஞ்சிய பிள்ளைகளுக்கு எழுத்தையே எழுந்து பேசவைத்த ஏந்தலே! அன்பால் எம் மாணவரையும் அஞ்சாமையால் எம்மையும் ஆண்ட இராசமலர் ஆசிரியை அவர்களே!

கட்டைபறிச்சானிலிருந்து காலைப் பேருந்தேறி வந்து, எமது விசேட கல்வி அலகில் இருபத்திரண்டு ஆண்டுகள் அயராது பணியாற்றிய தங்களை வாழ்த்துமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். வாசிப்பு இடர்ப்பாடுள்ள பிள்ளைகள் ஹெட்போனில் பாடம் கேட்பது களவுக்குச் சமம் என்று, ஆறு ஆண்டுகளுக்கு முன் தங்களுக்கு எதிராக மனு எழுதியவர்கள் வேறெவருமல்லர். இம்மடலின் அடியில் கையொப்பமிட்டுள்ள நாங்கள் பதினான்கு பேருமே. அன்றைய கூட்டத்தில் தாங்கள் கேட்டது ஒன்றுதான்: "நீங்கள் கண்ணாடி போட்டு வாசிச்சால் களவில்லை, பிள்ளை காதால வாசிச்சால் மட்டும் களவோ?" எங்களில் ஒன்பது பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தோம்.

பாடத்தை வாசித்துக்காட்டும் செயலியின் இயந்திரக் குரல் எம் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்றதும், வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் தங்கள் குசினியிலிருந்தே வாசித்துப் பதிவுசெய்து தந்தீர்கள். இடையிடையே குக்கர் விசிலடிக்கும். கவனம் சிதறும் பிள்ளைகள் அந்த விசிலுக்கு எழுந்து, வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மீண்டும் அமர்ந்து கேட்பார்கள். விசிலை நீக்கித் தரவா என்று கேட்ட கணினி ஆசிரியர் நஸ்ரியைத் தாங்கள் முறைத்த முறைப்பை அவர் இன்னும் மறக்கவில்லை.

தாங்கள் ஓய்வுபெற்றதும் பிள்ளைகள் காதால் வாசிக்கும் அந்த அறையைப் பூட்டிக் கருவிகளைக் களஞ்சியத்தில் ஒப்படைக்குமாறு மேலிடத்து உத்தரவு வந்திருக்கிறது. ஒப்படைக்கமாட்டோம்! சாதாரண தரப் பரீட்சையில் வினாத்தாளைக் காதால் கேட்டு எழுத மாணவி அசனாவுக்கு அனுமதி மறுத்த கடிதத்துக்கும் பதில் அனுப்பிவிட்டோம். மனு எழுதுவது எமக்குக் கைவந்த கலை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இம்முறை பிள்ளையின் பக்கம் நின்று எழுதியிருக்கிறோம். மறுத்தால் மறுபடி எழுதுவோம். அதற்கும் மறுத்தால் பதினான்கு பேரும் நேரில் போய் நிற்போம்.

நோயணுகா உடலோடும் குன்றாக் குரலோடும் தாங்கள் நெடுங்காலம் வாழ்க! தங்கள் குக்கரும் ஓயாது விசிலடிக்கட்டும்!

பாராட்டு மடலை அதிபர் வாசிப்பதே எமது பாடசாலை வழக்கம். இன்று அதை மாற்றினோம். தங்கள் முன் நின்று, நாங்கள் பதிவுசெய்து கொடுத்ததைக் காதில் ஹெட்போனோடு கேட்டுக் கேட்டு, இந்த மடலைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டிருப்பவர் இறக்கக்கண்டியிலிருந்து வரும் அதே அசனா. இது களவென்று கருதுபவர் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தால், இப்போதே எழுந்து சொல்லட்டும்.

இங்ஙனம்,
அன்று எதிர்த்தும் இன்று துணைநின்றும் கையொப்பமிட்ட
அதே பதினான்கு ஆசிரியர்கள்,
திருகோணமலை.