அந்த ஒரு நிமிஷ மௌனம்

கிழவர்: இந்தக் காலத்து ஜனங்களுக்கு வெட்கமே கிடையாது அண்ணி. செத்துப்போன மனுஷனைக் கோமாளியாக்கிப் படம் எடுக்கிறான் ஒருத்தன். இவங்க வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க.

அண்ணி: நானும்தான் சிரிச்சேன்.

கிழவர்: நீங்களுமா? அவர் பொண்டாட்டி நீங்க...

அண்ணி: அதனாலதான் தம்பி. இப்படித் தியேட்டர் படியில உக்காருங்க. வண்டி வரட்டும்.

கிழவர்: அண்ணன் குளிச்ச தண்ணியைப் பாட்டில்ல அடைச்சு ரசிகைங்க குடிக்கிறாங்களாம். பியானோவுக்கு நாலு குதிரை பூட்டி ஊர்வலமாம். குதிரையைக் கண்டா எதிர்ப்பக்கம் போயிடுவார் அவர்.

அண்ணி: தலைமுடியை ஏலம் விட்டாங்களே?

கிழவர்: அவருக்கு ஏது முடி?

அண்ணி: இருந்தது... கல்யாணத்தப்போ.

கிழவர்: அது கிடக்கட்டும்...

அண்ணி: என்ன இழுக்கிறீங்க? படம் முழுக்க நாற்காலி நுனியிலயே உக்காந்திருந்தீங்க. கைக்குட்டையைப் பிழிஞ்சா ஒரு டம்ளர் வரும்.

கிழவர்: உள்ள ஏசி வேலை செய்யல.

அண்ணி: நான் சால்வை போத்திக்கிட்டு நடுங்கினேன்.

கிழவர்: ...அந்த மௌனத்துக்குத்தான் பயந்தேன் அண்ணி. பெரிய மண்டபத்துல வாசிச்சுக்கிட்டே இருந்தவர், நடுவுல கையைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தாரே. சபையே அழுதுச்சு. மறுநாள்லேருந்துதானே அவர் பெரிய ஆள்? இசைப் பள்ளிக்கூடத்துல கல்லுலயே செதுக்கி வச்சிருக்கான், மௌனத்தையும் பாட வச்சவர்னு.

அண்ணி: படத்துல அது பக்கத்துல உக்காந்து தாள் புரட்டுறவன் பண்ண கோளாறுன்னு காட்டிட்டாங்க.

கிழவர்: ம்.

அண்ணி: அவனுக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாதாம். அவர் தலையாட்டினா புரட்டணுமாம். அவரோ முன்வரிசையில ஒரு பொண்ணைப் பார்த்துத் தலையாட்ட...

கிழவர்: இவன் புரட்டிட்டானாம். அவர் முழிச்ச முழிதான் மௌனமாம். அங்கதானே தியேட்டரே அதிர்ந்துச்சு. பின்னாடி ஒருத்தன் சொல்றான், குதிரையைக்கூட நம்பலாம், இதை எவன் நம்புவான்னு. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அண்ணி: உங்களுக்கு ஏன் மூச்சு நிக்கணும்?

கிழவர்: வண்டி இன்னும் வரலியே அண்ணி.

அண்ணி: தம்பி.

கிழவர்: நான் மூணாங்கிளாஸ் அண்ணி. அந்தப் புள்ளியும் கோடும் எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான். பியானோ தூக்க வந்தவன் நான். புரட்டுற ஆளுக்குக் காய்ச்சல்னு அண்ணன் என்னை உக்கார வச்சார். தலையாட்டினா புரட்டு, வேற எதுவும் யோசிக்காதேன்னார். யோசிக்கல.

அண்ணி: அவர் எழுதினதுதானே, அவருக்கே மறந்துபோச்சா?

கிழவர்: முந்தின நாள் எழுதினது. மையே சரியாக் காயல.

அண்ணி: இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலியா?

கிழவர்: என் பொண்டாட்டிக்கே தெரியாது. வெளிய தெரிஞ்சா அந்தக் கல்லைப் பேத்துடுவாங்க. அப்புறம் உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இப்ப நிம்மதி. உண்மையை நடுவீதியில போட்டும் எவனும் குனிஞ்சு எடுக்கல.

அண்ணி: அப்ப சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.

கிழவர்: எப்படிப் போறது? இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். அவர் போய்ச் சேர்ந்துட்டார். படக்காரனுக்கு எவன் சொன்னான்? எனக்கு அன்னிக்குக் கூட வாசிச்ச அந்த வயலின்காரன் மேலதான் சந்தேகம். எப்பவும் ஓரக்கண்ணாலதான் பார்ப்பான்.

அண்ணி: பாவம், அவரை விடுங்க. நான்தான் சொன்னேன். கல்யாணத்துக்கப்புறம் அவரே எங்கிட்டச் சொன்னதுதான்.

கிழவர்: நீங்களா? ஏன் அண்ணி?

அண்ணி: கேலிப்படம் எடுக்கிறோம்னு எங்கிட்ட வந்து கேட்டாங்க. இதுல போட்டா யாரும் நம்பமாட்டாங்க, கல்லும் அங்கயே இருக்கும், உங்க பாரமும் இறங்கும்னு தோணிச்சு.

கிழவர்: பொண்ணுன்னு எதுக்குச் சொன்னீங்க? அது மட்டும் பொய். மூக்குல ஈ உக்காந்துச்சுடா, தலையை உதறினேன்னு அண்ணனே எங்கிட்டச் சொன்னார்.

அண்ணி: ஈயா? அப்படியா சொன்னார்...

கிழவர்: சத்தியம் பண்ணிச் சொன்னார்.

அண்ணி: முன்வரிசை, மூணாவது நாற்காலி. பக்கத்துல எங்கப்பா வேற. அந்த ஈ நான்தான் தம்பி.

கிழவர்: ...இல்ல அண்ணி. அண்ணன் எங்கிட்டப் பொய் சொல்ற ஆளில்ல. அது ஈதான். உங்க வண்டி வந்துடுச்சு, ஏறுங்க. நான் நடந்தே போறேன்.