சேவலுக்கும் பாட்டுக்கும் ஒப்பந்தம்

...அதத்தான் நானும் கேக்குறேன் மகளே! ஒப்பந்தம்னா என்ன? ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கத்தானே போடுறது? எனக்கு இருந்த நிம்மதியும் போச்சு! உக்காரு, சாமான பெறகு அடுக்கலாம். பக்கத்துக் காம்பராவுக்கு குடிவந்திருக்க, இந்த வரிச வீட்டு லயத்து நடப்பு தெரிய வேணாமா?

அந்தப் பக்கத்து பாக்கியலெட்சுமிக்கு ஒரு சேவல். எனக்கு ஒரு பாட்டுப்பொட்டி, முருகன் பாட்டுப் போட. விடியமுன்ன ரெண்டும் ஒண்ணாக் கத்தும். ஐயோ, பாட்டு கத்தாது... மன்னிச்சுக்க முருகா. ஆனா லயமே ஏசுச்சு, எந்த சனியன் மொதல்ல எழுப்புறதுன்னு. நான் சேவலக் காட்டுவேன், அவ என்னையக் காட்டுவா.

தோட்டத்து சங்கத் தலைவர் கந்தப்பன் வந்தாரு. "வாயால பேசி முடிங்க"ன்னாரு. நாந்தான் சொன்னேன், "வாய்ப்பேச்சு வேணாம் தலைவரே. சம்பளத்துக்கு தொரமாரோட போடுறீங்களே, அந்த மாதிரி ஒப்பந்தமாவே போடுவோம்"னு. கேக்கவே கனமா இருக்குல்ல?

சேவல் கூவுன பெறகுதான் நான் பாட்டுப் போடுவேன்னு நான் எழுதச் சொன்னேன். எம் பாட்டு கேட்ட பெறகுதான் சேவல் கூடையத் தொறப்பேன்னு அவ எழுதச் சொன்னா. ரெண்டு பேருக்கும் சந்தோசம்! தலைவர் மட்டும் தலையச் சொறிஞ்சாரு. பேன் இருக்கும்னு நெனச்சேன்.

மறுநா நான் வெளக்கேத்தி, பொத்தான்ல கைய வச்சிக்கிட்டு சேவலுக்குக் காத்திருக்கேன். அவ கூடைமேல சாக்கப் போட்டு மூடிக்கிட்டு எம் பாட்டுக்குக் காத்திருக்கா. நமுனுகுல மலமேல வெயிலே வந்திருச்சு! லயமே அசந்து தூங்கிருச்சு. காலையில பேர் பதியிற பெரட்டுக்குப் பிந்திப் போனா கணக்கப்புள்ள விடுவாரா? எல்லாருக்கும் அரப்பேரு, அரநாள் சம்பளந்தான்!

அன்னையில இருந்து ஒருத்தரும் எம் மூஞ்சியில முழிக்கிறதில்ல. அது போவட்டும்... எம் மகன் மதுரன் வெளிநாட்டு வேலைக்குன்னு போயி கட்டார்ல கெடக்கான் மகளே. அவன் போன நாள்ல இருந்து அந்தப் பாட்டு நின்னதே இல்ல. இப்ப நின்னு போச்சே, சாமி அவனப் பாத்துக்குமா? மீறிப் போடலாம்தான். ஆனா முருகன் படத்துக்கு முன்னாலல்ல கையெழுத்து வச்சேன்! போட்டாலும் குத்தம், போடாட்டியும் குத்தம்.

என்னது, மாத்தி எழுதறதா? ரெண்டு வருஷத்துக்கு யாரும் இதப் பத்தி வாயே தொறக்கக் கூடாதுன்னு கடைசியில ஒரு வரி இருக்கே. யாரு போட்டதா? ம்... நாந்தான். பெறகு? சம்பள ஒப்பந்தமுன்னா அப்பிடித்தானே இருக்கும்!

ஏன் எந்திரிச்சிட்ட? ஓ... போன்ல அலாரம் வச்சு நீயே லயத்த எழுப்பி விடுறியா? மகராசியா இரு தாயி! நல்ல புத்தி. ஆனா எம் பாட்டுக்கு முந்தி மட்டும் அது அடிக்கக் கூடாது, சரியா? வாய்ப்பேச்சு வேணாம், நமக்குள்ள சின்னதா ஒரு ஒப்பந்தம்...

மகளே? ஏம்மா உள்ள போயி கதவச் சாத்துற?