சாம்பல் பெட்டிக்குள் இருப்பது

மேடையில் அமர்ந்திருக்கும் கையேட்டுக் குழுத் தலைவர் அறிவுச்செல்வன் அவர்களே, மலையிலிருந்து பஸ் மாறி இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நூலகர்களே, அருள்மொழியைப் பெற்றவர்களே, வணக்கம்.

நின்று பேச இன்று தெம்பில்லை. ஆனாலும், நம் கையேட்டு ஆசிரியர் அருள்மொழி அவர்கள் பள்ளி வாத்தியாரான என்னிடம் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லாமல் உட்கார முடியவில்லை.

"சார், நீங்க டிக்டேஷன் போடறப்ப எதை எழுதணும், எது உங்க பேச்சுன்னு பசங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"குரலை மாத்துவேம்மா."

"புஸ்தகத்துக்குக் குரல் ஏதுங்க சார்?"

ஊர்ப்புற நூலகங்களின் மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருந்தோம். 'உங்கள் ஊர்ப் பெயர் நூலகம் என்று அடிக்கவும்' என்று ஓரிடத்தில் எழுதி, முழுவதையும் தடித்த எழுத்தில் போட்டுவிட்டோம். வடக்கனந்தல் நூலகர் தங்கதுரை அப்படியே அடித்தார். சீட்டுகள் அச்சாயின. எல்லாப் புத்தகங்களிலும் ஒட்டியும் விட்டார்: 'உங்கள் ஊர்ப் பெயர் நூலகம்'!

"இன்னாம்மா, நீ போட்டதத்தானே அடிச்சேன்! உங்க ஊரு எந்த ஊருன்னு ஊரே கேட்டு சிரிச்சிக்கினு இருக்குது" என்று போனில் சத்தம் போட்டார்.

"தப்பு உங்களுது இல்லண்ணே. நான் எழுதின பக்கத்துது" என்றார் அருள்மொழி.

அன்றிலிருந்து ஒரே வழக்கம். எழுத்து மாறாமல் அடிக்க வேண்டியது சாம்பல் நிறப் பெட்டிக்குள். அவரவர் மாற்றிப் போட வேண்டியது சாய்ந்த எழுத்தில். அழகுக்காக நான் ஒரு தலைப்பைப் பெட்டிக்குள் வைத்தாலும் விடமாட்டார். எத்தனை முறை சலித்துக்கொண்டோம்! அவர் சலித்தாரா?

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது கையேட்டில் பாதி மிச்சமிருந்தது. அறிவுச்செல்வன் மெல்லக் கேட்டார். அதை இங்கே சொல்லச் சொன்னவரும் அவரே.

"அருளு, மிச்சத்துக்குப் பெட்டிய வுட்டுட்டா அடுத்த மாசமே அச்சுக்குப் போயிடலாமே?"

"போலாங்க. அப்புறம் வெள்ளிமலை நூலகத்துலேர்ந்து போன் வந்தா யாரு எடுப்பா? நான் இருக்க மாட்டேனே."

அந்தப் போனை எடுக்க இன்று அவர் இல்லை.

ஆகவே மிச்சப் பாதியையும் பெட்டி போட்டே முடிப்போம். களைப்பாகத்தான் இருக்கிறது. தாமதமாகட்டும், முடிப்போம்.

போகும்போது வாசலில் கையேட்டிலிருந்து ஆளுக்கொரு பக்கம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய்க் கணினி முன் உட்காருங்கள். பெட்டிக்குள் இருப்பதை மட்டும், இருக்கிறபடியே அடித்துப் பாருங்கள். யாருக்கும் போன் செய்யாமல்.