வெயிலில் நிற்கட்டும் எங்கள் கார்

சால்வைக்கு மயங்காத, சான்றுக்கு மட்டுமே தலையசைக்கும் நடுவர் இளங்கோவன் ஐயா அவர்களே! என்னை எதிர்ப்பதற்கென்றே இன்று ஓ.டி. பார்க்கும் பொறியாளர் ஜீவானந்தம் அவர்களே! முன்வரிசையை முகூர்த்த வீடாக்கியிருக்கும் பெரியோர்களே! கைக்குழந்தையை மடியிலும் கவனத்தை மேடையிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! ஷிப்ட் முடிந்த கையோடு ஓடிவந்திருக்கும் ஒரகடத்து உழைப்பாளிகளே! கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டுகிற காந்திமதியின் கனிவான வணக்கம்!

மின்சாரக் காரின் கூரையில் சூரியத் தகடு பயனா, பகட்டா? பயன் என்று பேச வந்திருக்கிறேன்.

ஜீவானந்தம் சார் சொன்னது பொய்யா? இல்லவே இல்லை. காரின் கூரை என்ன, களத்து மேடா? கட்டில் அகலம்! நாள் முழுக்கக் காய்ந்தாலும் ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் தேறாது. வெயிலில் கொதித்த காருக்குள் ஏசி போட்டால் சேர்த்ததில் பாதி அதற்கே சரி. அதே தகட்டை மொட்டை மாடியில் போட்டால் இன்னும் நன்றாக விளையும். அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன். எதிரணி நண்பர்களே, அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்கு அப்படியொரு கார் வந்தது. வந்த அன்றே வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பூஜை. கூரைத் தகட்டின் மேலேயே பட்டை பட்டையாகச் சந்தனம் பூசினார்கள். என் வீட்டுக்காரர் கோதண்டம் அதைத் துடைக்க விடவில்லை. அதோடு விட்டாரா? புளியமர நிழலில் நிறுத்தி, மேலே உறையும் மாட்டினார். சூரியனுக்காக வாங்கிய காரைச் சூரியனையே சந்திக்க விடாத சமர்த்தர்! சிரிக்கிறீர்களா? அதோ, மூன்றாவது வரிசையில் அவரும் சிரிக்கிறார்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. ஒரகடத்தில் வாரந்தோறும் டயாலிசிஸ். போன மழைக்காலத்துப் புயலில் கம்பங்கள் சாய்ந்தன, கரண்ட் போயிற்று. காரில் மிச்சமிருந்த கொஞ்சம் சார்ஜும் முந்தின முறை போய்வந்ததிலேயே தீர்ந்திருந்தது. ஆட்டோ வரவில்லை. ஆம்புலன்ஸை அழைக்க டவர் இல்லை. தவணை தள்ளத் தள்ள அவருக்குக் கால் வீங்கியது, மூச்சு இரைத்தது. நான் பயந்துபோனேன் தாய்மார்களே. அவருக்குத் தெரியாமல் அடுப்படியில் நின்று அழுதேன்.

மழை விட்டு வெயில் வந்தது. உறையை உருவினேன், ஈரத்துணியை எடுத்தேன். சாமி சந்தனம், தொடாதே என்று பதறினார்.

"முருகரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு. நீ கம்முனு உக்காரு" என்றேன்.

தெருவே திரண்டு காரை வெயிலுக்குத் தள்ளியது. திரையில் கிலோமீட்டர் ஒவ்வொன்றாய் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் போதுமான அளவு ஏறியிருந்தது.

"திரும்பி வர்றதுக்கு இன்னா பண்ணுவ?" என்றார்.

"போய்ச் சேரணும்யா. வர்றத அப்பால பாத்துக்கலாம்."

ஏசி போடவில்லை. சன்னலைத் திறந்துவிட்டு, மெல்ல மெல்ல ஓட்டினேன். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் படுக்கையில் ஏற்றிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜீவானந்தம் சார், உங்கள் கணக்கு சரி! அந்தக் கூரை வெயில் என்னைச் சென்னைக்குக் கொண்டுபோகுமா? போகாது! காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோகுமா? போகாது! ஆனால் அன்றைக்கு என் வீட்டு வாசலுக்கும் என் புருஷன் உயிருக்கும் நடுவே கிடந்த தூரம் அவ்வளவுதான் சார்! அவ்வளவேதான்! அதைக் கடக்க வைத்த தகட்டைப் பகட்டு என்று எந்த வாயால் சொல்வேன்?

இன்று இந்தப் பந்தலுக்கு வந்தபோது, வாசலில் நின்ற காவலாளி அண்ணன் காரை வேப்பமர நிழலில் விடச் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"வெயில்லயே நிக்கட்டும்ணா" என்றார்.

காதுகொடுத்த உங்களுக்கும், வெளியே காய்ந்துகொண்டிருக்கும் அந்த வெயிலுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!