செய்வினை எடுத்த டீச்சர்

சாயங்காலம் லாஸ்பேட்டையிலிருந்து உப்பளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சொன்னார்:

"ஒரு வாரமா எட்டாங்கிளாசுக்குச் செய்வினை எடுக்கிறேன்க்கா. இன்னைக்குத்தான் பலிச்சுது."

பக்கத்தில் நின்றிருந்த அம்மாள் சட்டென்று குனிந்தாள். "எங்க வீட்டுக்கும் வந்து எடுப்பியாம்மா?"

"ஐயோ, இது இங்கிலீஷ் கிராமர்ம்மா! யாரு செஞ்சாங்கன்னு மொதல்லயே சொன்னா செய்வினை. ஆளச் சொல்லாம மறைக்கணும்னா செயப்பாட்டுவினை."

அம்மாள் ஏமாற்றத்தோடு நிமிர்ந்துகொண்டாள். மூத்த டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சரி, எப்படிப் பலிச்சுது?"

"கிளாஸ்ல உலக உருண்டை உடைஞ்சு கெடந்துச்சு. 'த க்ளோப் வாஸ் ப்ரோக்கன்'னு போர்டுல எழுதி, இத ஆக்டிவ் வாய்ஸ்ல மாத்துங்கன்னேன். மாத்தினா ஆளச் சொல்லணுமே! ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் ரசியா எழுந்தா."

"வாயே தொறக்காதே, அந்தப் பொண்ணா? தமிழ் மீடியத்துக்கே மாத்திடுங்கன்னு அவ அத்தா வந்து நின்னாரே?"

"அவதான். 'ஐ ப்ரோக் த க்ளோப், மிஸ்'னா. இங்கிலீஷ்ல அவ பேசுன மொத வாக்கியம்க்கா."

"திட்டுனியா?"

"எங்க திட்டுறது? கைதான் தட்டுனேன். கிளாஸே தட்டுச்சு. மாத்த வேணாம்னு அவ அத்தாகிட்ட பேசப்போறேன்."

"பேசு, பேசு."

"பெல் அடிச்சதும் பின்னாடியே ஓடியாந்தா. 'ஒட்டித் தர்றேன்னு இங்கிலீஷ்ல எப்படி மிஸ் சொல்றது?'ன்னு கேட்டா. சொல்லிக்குடுத்தேன். ஸ்கூல் கேட்டு வரைக்கும் அதையே சத்தமா சொல்லிக்கிட்டுப் போனா."